பண்டோராவில் 16-ஐ எப்படிச் சொல்வார்கள், தெரியுமா?

ஜேம்ஸ் கேமரூனின் 'அவதார்' படத்தில் வரும் பண்டோராவை ஒரு கோள் என்றுதானே நினைத்தீர்கள்? கோளே இல்லை, நிலா! பாலிபீமஸ் என்ற ராட்சத வாயுக்கோளைச் சுற்றிவருகிறது. அதனால்தான் பண்டோராவின் வானத்தை அந்த நீலக்கோள் அப்படி அடைத்துக்கொண்டு நிற்கிறது.

அங்குள்ள காற்று நச்சு என்பதால், முகமூடி நழுவினால் மனிதனுக்கு 20 விநாடியில் நினைவு தப்பும், 4 நிமிடத்தில் உயிரே போய்விடும். அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டுதான் அங்கே வாழும் 3 மீட்டர் உயர நாவி மக்கள் மரம் மரமாகத் தாவுகிறார்கள்!

அடுத்தமுறை படம் பார்க்கும்போது அவர்கள் கையைக் கவனியுங்கள். நான்கே விரல்கள்! நாயகன் ஜேக்கின் அவதார் உடலுக்கோ ஐந்து. மனித மரபணு கலந்த உடலாயிற்றே! இரு கையிலும் சேர்த்து எட்டே விரல் என்பதால் நாவிகளின் கணக்கும் எட்டெட்டாகத்தான் போகிறது. எட்டுக்கு 'வோல்', 16-க்கு 'மெவோல்', அதாவது ஈரெட்டு! இந்த மொழியைப் படத்துக்காகவே உருவாக்கியவர் மொழியியல் அறிஞர் பால் ஃப்ரோமர். விரலுக்கும் எண்ணுக்கும் முடிச்சுப் போட்ட அந்த நுட்பம்தான் எனக்குப் பண்டோராவில் மலைகள் மிதப்பதைவிடப் பெரிய அதிசயம். இன்று உலகெங்கும் ரசிகர்கள் இந்த மொழியைக் கற்றுப் பேசுகிறார்கள்!

மலைகள் மட்டும் சும்மாவா மிதக்கின்றன? உள்ளே இருப்பது மின்தடையே இல்லாத மீகடத்திக் கனிமம். மீகடத்தி காந்தப்புலத்தில் மிதப்பதை நம் ஆய்வகங்களிலேயே பார்க்கலாம். படத்தில் அந்தக் கனிமம் கிலோ 2 கோடி டாலர்! 2010-ல் சீனாவின் ஜாங்ஜியாஜியேயில், அந்த மலைகளை நினைவூட்டும் நிஜப் பாறைத்தூண் ஒன்றுக்கு அவதார் மலை என்று பெயரே சூட்டிவிட்டார்கள்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் செய்தி இதுதான். கதைப்படி பண்டோரா இருப்பது 4 ஒளியாண்டுகளுக்குச் சற்று அப்பால், ஆல்பா சென்டாரி ஏ என்ற நிஜ விண்மீனிடம். 2025 ஆகஸ்டில், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதே விண்மீனின் அருகே ஒரு வாயுக்கோளின் தடயத்தைக் கண்டிருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அதுவும், நீர் திரவமாக இருக்கத்தக்க தூரத்தில்! கோள்தான் என்று இன்னும் உறுதியாகவில்லை. உறுதியானால், அதற்கு நிலாக்கள் உண்டா என்ற தேடல் தொடங்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்தே அந்த விண்மீனைப் பார்க்கலாம். ஜூன் மாத இரவு 9 மணிவாக்கில், தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே பளிச்சென்று நிற்கும். மொட்டைமாடிக்கு ஏறிப் பாருங்கள்!