உங்களுக்குத் தெரியுமா? ஊதாச் சாயத்தில் சிசுவின் மூளை

கருவில் வளரும் மனித மூளையைச் செல் செல்லாகக் காட்டும் முப்பரிமாணப் படத்தொகுப்பு, நம் சென்னையில் உருவானது! பெயர் 'தரணி'. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்டது.

● இறந்த சிசுக்களின் ஐந்து மூளைகள்; கருவில் 14 முதல் 24 வாரம் வரை வளர்ந்தவை. மொத்தம் 5,132 மெல்லிய சீவல்கள்.

● சாயம் ஏற்றாத சீவலில் கண்ணுக்கு அதிகம் பிடிபடாது. தரணியில் பயன்பட்ட நிஸ்ல் சாயம், செல்லுடலில் இருக்கும் ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு ஊதாவாக்கும். நீண்ட நரம்பிழைகளை விட்டுவிடும்.

● இழைகளையும் பார்க்க வேண்டுமா? இத்தாலியர் கோல்ஜி 1873-இல் கண்ட வெள்ளி முறை உண்டு. அதில் நூற்றுக்குச் சில செல்களே கறுக்கும். ஏன் அவை மட்டும்? இன்றும் முழு விடை இல்லை. (நல்லவேளை, எல்லாமே கறுத்தால் வெறும் கரிதான் தெரியும்.)

● தரணியைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. வீட்டில் இருந்தபடியே இணையத்தில் திறக்கலாம்.