கணக்கில் மார்க் குறைந்தவர் பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கும்போது

தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பி.ஏ. சேர நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை. பத்தாம் வகுப்புக் கணக்கில் 38 வாங்கியவர் அதை நினைத்துக் கலங்கத் தேவையில்லை. தேர்ச்சிக்கு வேண்டிய 35ஐத் தாண்டியதோடு அந்த மார்க்கின் வேலை முடிந்தது.

பிளஸ் டூவின் 600 மதிப்பெண்ணும் அப்படியே தரவரிசைக்குப் போவதில்லை. பி.ஏ. தமிழுக்குத் தமிழ்த் தாளின் மதிப்பெண்ணும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கிலத் தாளின் மதிப்பெண்ணும் பார்க்கப்படும். வரலாறு, பொருளியல் போன்ற மற்றப் படிப்புகளுக்கு இரண்டு மொழித் தாளையும் விட்டுவிட்டு, மீதி நான்கு பாடங்களை 400க்குக் கூட்டுவார்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது இந்த நான்கைத்தான். ஒரு மாணவர் வரலாற்றில் 92, பொருளியலில் 90, வணிகவியலில் 88, கணக்குப்பதிவியலில் 54 எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 324. அவர் கேட்பது பி.ஏ. வரலாறு, அங்கே கணக்குப்பதிவியலுக்கு வேலையே இல்லை. இருந்தும் அந்த 54 அவரைக் கீழே இழுத்துவிடும். அவரே தமிழில் 96 வாங்கியிருந்தால், பி.ஏ. தமிழ் வரிசையில் அந்த 54 யார் கண்ணிலும் படாது. எண் என்றாலே தடுமாறும் பிள்ளை, பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும்போதே வணிகக் கணிதமும் கணக்குப்பதிவியலும் இல்லாத குரூப் பக்கத்துப் பள்ளியில் உண்டா என்று விசாரிப்பது நல்லது. பிளஸ் டூ ரிசல்ட் வந்தபின் விசாரித்துப் பயனில்லை.

அரசுக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தில் பல கல்லூரிகளையும் பாடங்களையும் தேர்ந்தெடுக்கலாம். தமிழில் மார்க் கூடுதல் என்றால் பி.ஏ. தமிழையும் சேர்த்துப் போடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

வெளிமாநிலம் போக நினைப்பவருக்கு நிலைமை வேறு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் 2022 முதல் ‘க்யூட்’ பொது நுழைவுத் தேர்வு இருக்கிறது. டெல்லி பல்கலைக்கழகத்தில் வரலாறு ஹானர்ஸுக்குக் கணிதம் வேண்டாம். பொருளியல் ஹானர்ஸுக்குக் கட்டாயம் வேண்டும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான ‘கிளாட்’ தேர்வில் 120 கேள்விகளில் கணக்கு சுமார் பத்தில் ஒரு பங்குதான், அதுவும் பத்தாம் வகுப்புத் தரம்.

கணக்குக்குப் பயந்து பொருளியலில் சேர்பவர் பாடத்திட்டத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது அவசியம். புள்ளியியல் தாள் அநேகமாக எல்லாக் கல்லூரியிலும் உண்டு. உளவியலிலும் அது விடாது. பட்டம் வாங்கியபின் டி.என்.பி.எஸ்.சி. எழுதப் போனாலும் கணக்கு வந்து நிற்கும்: குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறிவுக் கேள்விகள். சதவீதம், தனிவட்டி, விகிதம், நேரமும் வேலையும் என்று எல்லாம் அந்த 38 வாங்கிய வகுப்புக்குள் படித்தவைதான்.