போலீஸ் பட்ஜெட்டை வெட்டினால் என்ன ஆகும்? மினியாபொலிஸ் நகரம் போட்ட கணக்கும், வந்த விடையும்!

2020 ஜூன் 7. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் உள்ள பவுடர்ஹார்ன் பூங்காவில் பெரிய கூட்டம். அங்கே போடப்பட்ட மேடையில் நகர கவுன்சிலர்கள் 9 பேர் ஏறி நின்றார்கள். மொத்தம் 13 கவுன்சிலர்கள் உள்ள நகரம் அது. அதாவது பெரும்பான்மை. இந்த ஊர் போலீஸ் துறையை இப்போது இருக்கும் வடிவில் தொடர விட மாட்டோம், அதைக் கலைக்கும் வேலையைத் தொடங்குகிறோம் என்று மக்கள் முன்னிலையில் உறுதி கொடுத்தார்கள்.

அதன்பிறகு ஆண்டுகள் ஓடிவிட்டன. மினியாபொலிஸ் போலீஸ் துறை இன்றும் அதே பெயரில் இருக்கிறது. போலீஸ்காரர்களுக்கு சம்பளமும் நன்றாகவே கூடியிருக்கிறது. ஆனால் தெருவில் இருக்கும் போலீஸ்காரர்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. குறைக்கச் சொன்னது ஒன்று, குறைந்தது வேறொன்று. இது எப்படி நடந்தது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எங்கிருந்து தொடங்கியது?

2020 மே 25 அன்று 46 வயதான ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கருப்பினத்தவர், மினியாபொலிஸ் தெருவில் போலீஸ் பிடியில் உயிரிழந்தார். டெரெக் சாவின் என்ற போலீஸ்காரர் 9 நிமிடங்களுக்கு மேல் அவர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திய வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. அமெரிக்க நகரங்களில் லட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தார்கள்.

அந்தப் போராட்டங்களில் எழுந்த முழக்கம்தான் 'டிஃபண்ட் த போலீஸ்'. போலீஸுக்குப் போகும் பணத்தை நிறுத்து என்று அர்த்தம். ஆனா இதைச் சொன்ன எல்லோரும் ஒரே விஷயத்தைக் கேட்கவில்லை. ஒரு தரப்பு போலீஸ் துறையே வேண்டாம் என்றது. இன்னொரு தரப்பு நிதியில் ஒரு பகுதியை மனநலம், வீட்டு வசதி, இளைஞர் நலன் பக்கம் திருப்பச் சொன்னது. மூன்றாவது தரப்பு, ஆயுதம் தேவைப்படாத அழைப்புகளுக்கு போலீஸை அனுப்பாமல் வேறு ஆட்களை அனுப்பினால் போதும் என்றது. ஒரே முழக்கத்துக்கு மூன்று அர்த்தம் இருந்ததுதான் பின்னால் பெரிய குழப்பமானது.

நகர பட்ஜெட்டில் போலீஸ் ஏன் வருகிறது?

இந்தியாவில் போலீஸ் மாநில அரசின் கையில் இருக்கிறது. மாநகராட்சி பட்ஜெட்டில் சாலை, குடிநீர், குப்பை என்றுதான் கணக்கு வரும். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே பெரும்பாலான நகரங்களுக்குச் சொந்தமாக போலீஸ் துறை உண்டு. சம்பளம் கொடுப்பது நகர நிர்வாகம்தான்.

மினியாபொலிஸில் மேயர் ஆண்டுதோறும் பட்ஜெட்டை முன்வைப்பார். கவுன்சில் அதை அலசி, திருத்தி, டிசம்பரில் நிறைவேற்றும். மேயருக்குப் பிடிக்கவில்லை என்றால் வீட்டோ செய்யலாம். 2021-ஆம் ஆண்டுக்கு மேயர் ஜேக்கப் ஃப்ரே முன்வைத்த பட்ஜெட் சுமார் 150 கோடி டாலர். அதில் போலீஸுக்கு மட்டும் 17.9 கோடி டாலர். ஏறக்குறைய 12 சதவீதம்.

இந்தப் பணத்தில் பெரும்பகுதி சம்பளமும் அது சார்ந்த செலவும்தான். அதனால் போலீஸ் பட்ஜெட்டைப் பெரிய அளவில் வெட்டணும்னா, ஆட்களைக் குறைத்தே ஆக வேண்டும். அங்கேதான் முதல் சிக்கல் வந்தது.

கவுன்சிலால் ஏன் உடனே முடியவில்லை?

மினியாபொலிஸுக்கு 'சார்ட்டர்' என்று ஒன்று உண்டு. நகரத்தின் அரசியல் சாசனம் மாதிரி. 1961 முதல் அதில் ஒரு விதி இருந்தது. மக்கள் தொகையில் 1,000 பேருக்கு 1.7 பேர் என்ற கணக்கில் போலீஸ் துறைக்கு நிதி ஒதுக்கியே தீர வேண்டும். கவுன்சில் நினைத்தால்கூட அதற்குக் கீழே போக முடியாது.

விதியை மாற்ற மக்கள் வாக்கெடுப்பு தேவை. 2020 நவம்பர் தேர்தலோடு அதை நடத்திவிடலாம் என்று கவுன்சில் கணக்குப் போட்டது. ஆனா சார்ட்டர் கமிஷன் என்ற தனி அமைப்பு, இதை ஆராய இன்னும் 90 நாள் வேண்டும் என்று ஆகஸ்ட்டில் முடிவெடுத்தது. தேர்தலுக்கான கெடு தாண்டிப் போனது. பூங்காவில் கொடுத்த வாக்குறுதி ஓராண்டு தள்ளிப்போனது.

கடைசியில் எவ்வளவு வெட்டினார்கள்?

2020 டிசம்பரில் நீண்ட விவாதத்துக்குப் பிறகு கவுன்சில் முடிவெடுத்தது. போலீஸுக்கான 17.9 கோடி டாலரில் சுமார் 80 லட்சம் டாலரை எடுத்து வேறு பணிகளுக்குத் திருப்பியது. நூற்றுக்கு நாலரை டாலர், அவ்வளவுதான்.

அந்தப் பணம் வன்முறைத் தடுப்புத் திட்டங்களுக்கும், மனநல நெருக்கடியில் இருப்பவர்களைக் கையாளும் குழுக்களுக்கும், சின்னச் சின்னப் புகார்களை போலீஸ் அல்லாத ஊழியர்களே வாங்கிக்கொள்வதற்கும் போனது.

அதைவிடச் சூடான விவாதம் ஆள் எண்ணிக்கை பற்றியது. போலீஸ்காரர்களுக்கான இலக்கு 888 ஆக இருந்தது. 2022 முதல் அதை 750 ஆகக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை. மேயர் வீட்டோ செய்வேன் என்று எச்சரித்தார். இறுதியில் 7-6 என்ற ஒரே ஓட்டு வித்தியாசத்தில் 888 அப்படியே தொடர முடிவானது.

பட்ஜெட் குறையாமலே போலீஸ் குறைந்தது எப்படி?

இங்கேதான் யாரும் எதிர்பார்க்காத திருப்பம். கவுன்சில் இடங்களைக் குறைக்கவில்லை. ஆட்களே கிளம்பிப் போய்விட்டார்கள். ஃபிளாய்ட் மரணத்துக்குப் பிறகு பலர் ராஜினாமா செய்தார்கள். பலர் மன அழுத்தக் காரணம் காட்டி நீண்ட விடுப்பில் போனார்கள். 2021 பிப்ரவரியில் பணிக்குத் தயாராக இருந்தவர்கள் 638 பேர் என்று துறையே சொன்னது. வழக்கத்தைவிட சுமார் 200 பேர் குறைவு.

உடனே அதே கவுன்சில், புதிய போலீஸ்காரர்களைச் சேர்க்க 64 லட்சம் டாலரை விடுவித்தது. இரண்டு மாதம் முன்பு 80 லட்சத்தைத் திருப்பிய அதே கைகள்தான்.

வழக்கு போட்டது யார்?

நகரின் வடக்குப் பகுதி, கருப்பின மக்கள் அதிகம் வாழும் இடம். துப்பாக்கிச் சூடுகளால் அதிகம் பாதிக்கப்பட்ட பகுதியும்கூட. அங்கே வசிக்கும் 8 பேர், எங்களுக்குப் போதுமான போலீஸ் வேண்டும், சார்ட்டர் விதியைக் காப்பாற்றுங்கள் என்று 2020-லேயே நீதிமன்றம் போனார்கள்.

அவர்களின் பயத்துக்குக் காரணம் இருந்தது. நகரில் 2019-ல் 48 ஆக இருந்த கொலைகள், 2020-ல் 80-ஐத் தாண்டின. இதை வைத்து 'போலீஸை எதிர்த்ததால்தான் கொலை கூடியது' என்று ஒரு தரப்பு பேசியது. ஆனால் அந்த ஆண்டு அமெரிக்கா முழுக்கவே கொலைகள் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடின. போலீஸ் நிதியில் கை வைக்காத ஊர்களிலும் கூடின. அதனால் ஒரு நகர பட்ஜெட்டின் மேல் மட்டும் பழி போட முடியாது.

வழக்கு மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 மக்கள் தொகைக் கணக்கெடுப்புப்படி நகரில் 4,29,954 பேர். 1,000 பேருக்கு 1.7 என்றால் 731 போலீஸ்காரர்கள். கவுன்சில் அதற்கான நிதியைக் கொடுத்திருக்கிறது, ஆட்களை வேலையில் வைத்திருப்பது மேயரின் கடமை, முடியவில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும் என்று 2022 ஜூனில் நீதிமன்றம் கூறியது. பணம் இருக்கிறது, ஆள் இல்லை. இதுதான் நிலைமை.

மக்கள் என்ன சொன்னார்கள்?

20,000-க்கும் மேற்பட்டோரிடம் கையெழுத்து வாங்கி, 2021 நவம்பர் 2 அன்று வாக்கெடுப்பு வந்தது. போலீஸ் துறைக்குப் பதிலாக 'பொதுப் பாதுகாப்புத் துறை' அமைக்கலாமா, குறைந்தபட்ச எண்ணிக்கை விதியை நீக்கலாமா என்பது கேள்வி. சுமார் 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 44 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். மேயர் ஃப்ரேயும் மீண்டும் வென்றார்.

ஆனால் இதை 'போலீஸுக்குக் கிடைத்த நற்சான்று' என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்தத் துறை குறைந்தது பத்தாண்டுகளாக இனப் பாகுபாடு காட்டியிருக்கிறது என்று மாநில மனித உரிமைத் துறை 2022-ல் அறிக்கை கொடுத்தது. மத்திய நீதித்துறையும் 2023-ல் அதையொட்டிய முடிவுக்கே வந்தது. தவறுக்கான விலையும் சின்னது இல்லை. ஃபிளாய்ட் குடும்பத்துக்கு மட்டும் நகரம் 2.7 கோடி டாலர் இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொண்டது. பெரும் சர்ச்சையான அந்த 80 லட்சத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

மற்ற நகரங்களில் என்ன ஆனது?

டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம் இன்னும் துணிந்து இறங்கியது. 2020 ஆகஸ்ட்டில், சுமார் 43.4 கோடி டாலர் போலீஸ் பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது சுமார் 15 கோடியை, குறைப்பதாக அறிவித்தது. உள்ளே பார்த்தால் உடனடி வெட்டு 2 கோடியை ஒட்டித்தான். மீதியில் பெரும்பகுதி, தடயவியல் ஆய்வகம், 911 அழைப்பு மையம் போன்றவற்றை போலீஸ் துறைக்கு வெளியே கொண்டுபோகும் திட்டம்.

மாநில அரசு விடவில்லை. போலீஸ் நிதியைக் குறைக்கும் பெரிய நகரங்களுக்கு நிதித் தண்டனை விதிக்கும் சட்டத்தை 2021-ல் கொண்டுவந்தது. ஆஸ்டின் பின்வாங்கி, அந்த ஆண்டே 44.2 கோடி டாலர் ஒதுக்கியது. முன்பைவிட அதிகம்.

அப்போ எதுவுமே மாறவில்லையா?

மாறியது. மினியாபொலிஸில் 2021 டிசம்பர் முதல், மனநல நெருக்கடி என்று 911-க்கு அழைத்தால் ஆயுதம் இல்லாத மனநலப் பணியாளர்கள் வேனில் வருகிறார்கள். வீட்டில் ஒருவர் மனம் உடைந்து நிற்கும்போது துப்பாக்கியோடு போலீஸ் வர வேண்டியதில்லை என்பது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய விஷயம்.

இன்னொரு பக்கம், ஆட்களை ஈர்க்க 2024-ல் போலீஸ் சங்கத்தோடு புதிய ஒப்பந்தம் போடப்பட்டது. மூன்று ஆண்டுகளில் 21.7 சதவீத சம்பள உயர்வு. அப்போதும் போலீஸ்காரர்களின் எண்ணிக்கை 600-க்குக் கீழேதான் இருந்தது. சீர்திருத்தத்துக்காக மத்திய நீதித்துறையோடு செய்த ஒப்பந்தத்தை 2025 மே மாதம் அந்தத் துறையே கைவிட்டது. மாநில மனித உரிமைத் துறையோடு செய்த ஒப்பந்தம் மட்டும் நீதிமன்றக் கண்காணிப்பில் தொடர்கிறது.

சரி, இதில் புரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ஒன்று, பட்ஜெட்டில் எண்ணை மாற்றுவது மட்டும் போதாது. சார்ட்டர், மாநில சட்டம், சங்க ஒப்பந்தம் எல்லாமே அந்த எண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன.

இரண்டு, வழக்கு போட்ட வடக்குப் பகுதி மக்களும் போலீஸ் அடிக்கக் கூடாது என்று கேட்ட மக்களும் பல நேரம் ஒரே தெருக்காரர்கள். கூப்பிட்டால் போலீஸ் வரணும், வந்தால் மரியாதையாக நடக்கணும். இரண்டும் சேர்ந்துதான் அவர்கள் கேட்டது.

மூன்று, பணத்தை வெட்டுவதற்கு முன்பே மாற்று ஏற்பாடு தயாராக இருக்க வேண்டும். மினியாபொலிஸில் பூங்கா மேடை 2020 ஜூனில் போடப்பட்டது. முதல் மனநல வேன் கிளம்பியது 2021 டிசம்பரில். இடையில் போன அந்த ஒன்றரை ஆண்டில்தான், மாற்றத்தை ஆதரித்த பலரும் தயங்கத் தொடங்கினார்கள்.