ஓடுபாதையின் நீளமும் விமானியின் பழக்கமும்: கொங்கு வட்டார விமான நிலையங்களை முன்வைத்து

முன்னுரை

அவிநாசி சாலையையொட்டிப் பீளமேட்டில் அமைந்துள்ள கோயம்புத்தூர் விமான நிலையம் 1940இல் தொடங்கப்பெற்றது. அதன் இன்றைய ஓடுபாதை 2,990 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் உடையது. அதனை 3,800 மீட்டராக நீட்டிக்கும் திட்டமும் அதற்கான நிலமெடுப்பும் கொங்கு வட்டாரத்தில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகின்றன. அப்பேச்சுகளில் ஓடுபாதையின் நீளம், நில அளவையோடு முடிந்துவிடும் ஓர் எண்ணாகவே கருதப்படுகிறது. விமானியின் கணக்கு வேறு. அன்றைய காற்று, வெயில், ஓட்டிவரும் விமானத்தின் வகை, சக்கரம் தரையைத் தொடும் இடம் ஆகியவற்றுக்கேற்ப அதே ஓடுபாதை அவருக்கு நீண்டும் குறுகியும் அமைகிறது. இவற்றுள் வெளியில் அதிகம் பேசப்படாதது, ஒரு வகை விமானத்தில் ஊறிய பழக்கம் இன்னொரு வகையில் செய்யும் வேலையாகும்.

காற்றும் வெயிலும்

பீளமேட்டு ஓடுபாதையின் இரு முனைகளும் 05, 23 என எண்ணிடப்பட்டுள்ளன. காந்தத் திசையில் அவை ஏறத்தாழ 50 பாகையையும் 230 பாகையையும் குறிக்கும். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வீசும் மாதங்களில் எதிர்க்காற்றை நோக்கி இறங்க விரும்பும் விமானி, அவிநாசி இருக்கும் வடகிழக்குப் பக்கத்திலிருந்து 23ஆம் முனையை நோக்கி வருவார். வழக்கமான 3 பாகைச் சரிவில் வரும் விமானம், ஓடுபாதைக்கு 10 கிலோமீட்டர் முன்னால் சுமார் 520 மீட்டர் உயரத்தில் இருக்கும்.

மேற்கிலிருந்து 20 நாட் வேகத்தில் காற்று வீசுவதாகக் கொள்வோம். இந்த ஓடுபாதையில் அது ஏறத்தாழ 15 நாட் எதிர்க்காற்றாகவும் 13 நாட் குறுக்குக்காற்றாகவும் பிரியும். 137 நாட் வேகத்தில் இறங்கும் விமானத்தின் தரைவேகம் அப்போது 122 நாட். அதே காற்றில் எதிர்முனையிலிருந்து இறங்கினால் தரைவேகம் 152 நாட் ஆகிவிடும். நிறுத்த வேண்டிய இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே பிரேக்குகள் ஏற்கும் சுமை ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறது. பயணி இருக்கையிலிருந்து இந்த வேறுபாடு ஏறக்குறையத் தெரியவே தெரியாது.

வெயிலின் பங்கும் சிறிதன்று. கோவை விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 404 மீட்டர் உயரத்தில் உள்ளது. 36 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள பிற்பகலில் அங்குள்ள காற்றின் அடர்த்தி, நியம வளிமண்டலத்தில் ஏறத்தாழ 1,250 மீட்டர் உயரத்தில் இருக்கும் அடர்த்திக்குக் குறைந்துவிடுகிறது. விமானத்தைப் பொறுத்தவரை பீளமேடு அன்று வால்பாறையைவிட உயரமான ஊர்! கருவி காட்டும் வேகம் மாறாதிருக்க, உண்மை வேகம் சுமார் 6 விழுக்காடு கூடிவிடும்.

விமானம் மாறும்போது

கொங்கு வட்டாரத்தின் மற்றொரு பயணிகள் விமான நிலையமான சேலத்தில், கமலாபுரத்து ஓடுபாதை 1,806 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் மட்டுமே கொண்டது. ஏ.டி.ஆர் 72 என்னும் சுழலி விமானம் அங்குச் சேவையில் இருந்து வந்துள்ளது. கோவைக்கு வரும் ஏர்பஸ் ஏ320 அதனைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு எடையோடு, மேலும் விரைவாக இறங்குவது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் விமானி புதிய வகைத் தகுதி பெற்றாக வேண்டும். ஏ319, ஏ320, ஏ321 ஆகியவற்றுக்கு ஒரே வகைத் தகுதி பொருந்துவது அவை ஒரு குடும்பம் என்பதால்தான்.

தேர்வில் வென்ற பின்னும் கண்ணும் கையும் பழையனவற்றை எளிதில் மறப்பதில்லை. சுழலி விமானத்தில் விசையைக் குறைத்தவுடன் சுழலித் தகடுகளே காற்றுத் தடையாகி விமானத்தை அமர்த்திவிடும். ஜெட் விமானத்தில் அத்தடை இல்லை. சற்றே வேகம் மிகுந்திருந்தாலும் அது ஓடுபாதைக்கு மேலாக மிதந்து செல்லும். ஏ.டி.ஆர் விமானத்தில் மூக்கை உயர்த்தத் தொடங்கும் உயரம் சுமார் 20 அடி. ஏ320இல் சுமார் 30 அடி. இந்த 10 அடியில் கைப்பழக்கம் தவறினால் முரட்டுத் தரையிறக்கமோ நெடிய மிதப்போ நேரும்.

கண்ணின் ஏமாற்றம் இதனினும் நுட்பமானது. 45 மீட்டர் அகலத்திற்குப் பழகிய கண், 30 மீட்டர் அகல ஓடுபாதையைக் காணும்போது தான் உயரத்தில் இருப்பதாகக் கருதுகிறது. அதனால் விமானி தேவைக்கு மேல் தாழ்ந்துவிடக் கூடும். குறுகிய பாதையிலிருந்து அகன்ற பாதைக்கு வருபவருக்கு இது தலைகீழாகும்: தரை நெருங்கிவிட்டதென எண்ணி முன்கூட்டியே மூக்கை உயர்த்துவார், விமானம் மிதக்கும், தொடும் இடம் தள்ளிப்போகும். ஓடுபாதையின் ஓரத்தில் நான்கு விளக்குகள் நிறுவப்பட்டிருப்பது கண்ணை நம்பாதிருப்பதற்காகவே. இரண்டு வெள்ளையும் இரண்டு சிவப்பும் தெரிந்தால் சரிவு சரி; நான்கும் சிவப்பானால் விமானம் மிகத் தாழ்ந்துவிட்டது.

பழக்கத்தின் வலிமையைச் சூலூரின் வரலாறும் உணர்த்தும். கடற்படையின் ஐ.என்.எஸ். ஹன்சா தளம் 1961 முதல் 1964இல் கோவாவுக்கு மாறும் வரை அங்கிருந்தது. விக்ராந்த் கப்பலுக்குரிய சீ ஹாக் விமானங்கள் அதனைச் சேர்ந்தவை. கப்பல் தளத்தில் இறங்குபவர் மூக்கை உயர்த்தி மென்மையாகத் தொடுவதில்லை. நேரே வந்து அறைந்தாற்போல் இறங்கி, குறுக்கே கட்டிய கம்பியைக் கொக்கியால் பற்ற வேண்டும். பயணிகள் விமானத்தில் அது பிழை, கப்பலிலோ அதுவே ஒழுங்கு. இன்று அதே சூலூரில் 2018 முதல் நிலைகொண்டுள்ள தேஜஸ் விமானங்கள் வாற்குடை விரித்து வேகத்தைக் குறைக்கும் வசதி உடையவை. அவ்வசதி இல்லாத ஏ320, இறக்கைமேல் எழும் தடைத்தகடுகள், சக்கரப் பிரேக்குகள், எதிர்விசை ஆகியவற்றையே நம்பியுள்ளது.

தொடும் இடம்

சக்கரங்கள் ஓடுபாதையின் முதல் மூன்றிலொரு பகுதிக்குள் அல்லது முதல் 900 மீட்டருக்குள், எது குறைவோ அதற்குள், தரையைத் தொட வேண்டும். இயலாதெனத் தோன்றினால் மீண்டும் மேலெழுந்து சுற்றிவர வேண்டும்.

2010 மே 22 அன்று மங்களூரில் 2,450 மீட்டர் ஓடுபாதையில் போயிங் 737-800 விமானம் ஏறத்தாழ 1,585 மீட்டர் கடந்தே தரையைத் தொட்டது. 158 பேர் உயிரிழந்தனர். 2020 ஆகஸ்டு 7 அன்று கணவாய்க்கு அப்பாலுள்ள கோழிக்கோட்டில், மழையில், பின்காற்றுடன் இறங்கிய அதே வகை விமானம் 2,700 மீட்டர் ஓடுபாதையின் சரிபாதியில் தொட்டது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் மாண்டனர். இரண்டிலும் துணை விமானி மேலெழுமாறு கூறியது குரற்பதிவில் உள்ளது. இவற்றுக்கு விமான வகை மாற்றம் காரணமன்று. எனினும் கணக்கு ஒன்றே. மங்களூரில் எஞ்சியது 865 மீட்டர். ஓடுபாதை அங்கு 2,450 மீட்டராக இருந்தது ஆவணத்தில் மட்டுமே.

மேசைபோன்ற குன்றின்மேல் அமைந்த அவ்விரு நிலையங்களில் பாதை முடியும் இடத்தில் பள்ளம் காத்திருந்தது. பீளமேட்டில் அப்பள்ளம் இல்லை. பாதை நீளுமானால் இங்கு 810 மீட்டர் கூடும். தரைக்கு மேல் மிதக்கும் ஜெட் விமானம் நொடிக்கு ஏறத்தாழ 70 மீட்டர் கடக்கிறது. பல்லாண்டு நிலமெடுப்பால் கிட்டும் அந்த 810 மீட்டரைத் தீர்க்க அதற்கு 12 நொடி போதும்.