மீயூடகவழி நிரலாக்க இடைமுகம்

மீயூடகவழி நிரலாக்க இடைமுகம் என்பது, ஒரு வழங்கி தான் அனுப்பும் தரவுகளோடு, அடுத்து எங்கே செல்லலாம், என்ன செய்யலாம் என்பதைக் காட்டும் இணைப்புகளையும் சேர்த்து அனுப்பும் வலை இடைமுக வகை ஆகும். நிரலாக்க இடைமுகம் சுருக்கமாக ஏபிஐ எனவும் அழைக்கப்படுகிறது. இவ்வகை இடைமுகத்தில், தரவைக் கேட்கும் நிரல் இணைய முகவரிகளைத் தானே உருவாக்குவதில்லை. வந்த பதிலில் உள்ள இணைப்புகளைப் பின்பற்றிச் செல்கிறது. தருமபுரியிலிருந்து ஒகேனக்கல்லுக்கு முதன்முறையாகச் செல்லும் ஒருவர் வழி முழுவதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பென்னாகரம் வரை வந்தால் அங்குள்ள கைகாட்டி மீதியைச் சொல்லும். இவ்விடைமுகத்தில் இணைப்புகள் அக்கைகாட்டியின் பணியைச் செய்கின்றன.

தோற்றம்

மீயுரை, மீயூடகம் ஆகிய இரு சொற்களுக்கும் மூலமான ஆங்கிலச் சொற்களை டெட் நெல்சன் 1965 இல் அறிமுகப்படுத்தினார். (சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிக்கப்பட்டதும் அதே ஆண்டு அக்டோபர் 2 அன்றுதான்.) டிம் பேர்னர்ஸ்-லீ 1989 இல் முன்மொழிந்த உலகளாவிய வலை இக்கருத்தை மனித வாசகர்களுக்குக் கொண்டு சேர்த்தது. நிரல்களுக்கும் இது பொருந்தும் என்பதை, ராய் ஃபீல்டிங் 2000 ஆம் ஆண்டு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் விளக்கினார். ரெஸ்ட் என்னும் கட்டமைப்பு முறை அந்த ஆய்வேட்டில் வரையறுக்கப்பட்டது. பயன்பாடு ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குச் செல்வதை மீயூடகமே இயக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று.

பின்வந்தோரால் மிகுதியாகக் கைவிடப்பட்டதும் இந்த நிபந்தனையே. ரெஸ்ட் என்ற பெயரைச் சூடிக்கொண்ட பல இடைமுகங்களில் இணைப்பே இல்லை என்று 2008 இல் ஃபீல்டிங் வெளிப்படையாகக் குறை கூறினார்.

தமிழ் முகவரிகளில் எழும் சிக்கல்

இணைப்பு தராத இடைமுகத்தில், முகவரி எவ்வாறு அமையும் என்பதை நிரலாளர் ஆவணத்தில் படித்து, அதே வடிவத்தைத் தம் நிரலில் எழுதிவைக்கிறார். ஊர்ப் பெயரை முகவரியின் இறுதியில் ஒட்டினால் போதும் என்பது போன்ற விதிகள் இவ்வாறு நிரலுக்குள் நுழைகின்றன. தமிழ்ப் பெயர்களைப் பொறுத்தவரை இது தோன்றுமளவுக்கு எளிதன்று.

இணைய முகவரியில் ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள் மட்டுமே நேரடியாக இடம்பெறலாம். உலாவி நமக்குத் தமிழில் காட்டினாலும், வழங்கிக்குச் செல்வது மாற்றப்பட்ட வடிவமே. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகள் கொண்டது. ஒவ்வொரு பைட்டும் முகவரியில் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து 3 எழுத்துகளாகிறது. தருமபுரி என்ற சொல்லில் உயிர்க் குறிகளையும் சேர்த்து 8 குறியீடுகள் உள்ளன. ஆகவே முகவரியில் அது 72 எழுத்துகள் நீளும். தர்மபுரி என்று எழுதினாலும் 72 எழுத்துகளே. இவ்விரண்டு நீண்ட சரங்களிலும் ஒரே ஓர் எழுத்து மட்டுமே வேறுபடுகிறது: மூன்றாம் குறியீடு உகரமாயின் 81 என்றும், புள்ளியாயின் 8டி என்றும் முடியும். வழங்கி ஒரு வடிவத்தை மட்டும் அறிந்திருந்தால் மற்றதற்கு 404 என்ற பிழையே பதிலாக வரும்.

பாலக்கோடு இன்னும் நுட்பமானது. அதிலுள்ள ஓகாரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் குறி என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் முகவரிகள் வேறு. பிழையைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. மீடியாவிக்கி போன்ற சில மென்பொருள்கள் இவற்றைத் தாமே ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்கின்றன. எல்லா வழங்கிகளும் அவ்வாறு செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

வழங்கி ஊர்ப் பட்டியலையும் ஒவ்வோர் ஊருக்கும் உரிய இணைப்பையும் சேர்த்துத் தந்தால், முகவரி ஆக்கும் பொறுப்பு அதை அறிந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. பெயரைத் தேடி ஒப்பிடும் வேலை அப்போதும் இருக்கும். எனினும் அது பட்டியலுக்குள் நடக்கும் தேடலாகச் சுருங்குகிறது. பயனரே பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் அதுவும் தேவையில்லை.

மாவட்டம் பிரியும்போது

எழுத்துப் பிழையைவிடப் பெரிய இடர், முகவரி சரியாக இருந்தும் அது குறிக்கும் பொருள் மாறிவிடுவது. 2004 பெப்ரவரி 9 அன்று தருமபுரி மாவட்டத்திலிருந்து கிருட்டிணகிரி மாவட்டம் பிரிக்கப்பட்டது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரியின் மக்கள்தொகை 28,56,300. 2011 இல் 15,06,843. பெயரை மட்டும் கொண்டு இரண்டையும் எடுத்துப் பட்டியலிடும் நிரல், பத்து ஆண்டுகளில் மாவட்டம் ஏறத்தாழப் பாதி மக்களை இழந்துவிட்டதாகக் காட்டும். உண்மையில் இன்றைய தருமபுரி மாவட்டப் பகுதியில் 2001 இல் வாழ்ந்தோர் 12,95,182 பேர். எஞ்சிய 15,61,118 பேர் பின்னர் கிருட்டிணகிரி மாவட்டமான பகுதியில் இருந்தனர். அதாவது, மக்கள்தொகை குறையவில்லை, கூடியிருக்கிறது.

பெயருக்குப் பதில் எண்ணைப் பயன்படுத்தினால் தீராதா என்று கேட்கலாம். கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் குறியெண் 2001 இல் 05, 2011 இல் 630. வட்டங்களும் அவ்வாறே: 2011 கணக்கெடுப்பில் 5 ஆக இருந்தவை, நல்லம்பள்ளி, காரிமங்கலம் ஆகியன சேர்ந்து பின்னர் 7 ஆயின. ஐந்து பெயர்களை உள்ளே எழுதிவைத்த செயலியில் காரிமங்கலத்துக்காரர் தம் வட்டத்தைத் தேடினால் கிடைக்காது.

மீயூடக முறையில் அமைந்த தரவுத்தளமொன்றை எண்ணிப் பார்க்கலாம். அதில் 2001 ஆம் ஆண்டுப் பதிவோடு, "இதிலிருந்து பிரிந்தவை" என்ற உறவுப் பெயருடன் இரு இணைப்புகள் இருக்கும்: ஒன்று இன்றைய தருமபுரிக்கு, மற்றது கிருட்டிணகிரிக்கு. இந்த உறவுப் பெயரின் பொருளை அறிந்த நிரல் இரண்டையும் பின்பற்றிச் சரியான ஒப்பீட்டைத் தரும். அறியாத நிரலைப் பயன்படுத்துபவரும் இணைப்பைப் பார்த்து எச்சரிக்கை அடைய வாய்ப்புண்டு.

நிலையும் செயலும்

இணைப்புகள் இடத்தை மட்டுமன்றிச் செயலையும் குறிக்கலாம். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு இணையவழி அனுப்பப்பட்ட சான்றிதழ் விண்ணப்பம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது திருத்தத்துக்காகத் திருப்பப்பட்டிருந்தால் பதிலில் "திருத்து" என்ற இணைப்பு இருக்கும். ஒப்புதல் பெற்றபின் அது மறைந்து "பதிவிறக்கு" என்பது தோன்றும். கிராம நிர்வாக அலுவலரைக் கடந்து வருவாய் ஆய்வாளரிடம் உள்ள விண்ணப்பத்துக்கு எந்தப் பொத்தானைக் காட்டுவது என்ற விதியைச் செயலி அறிந்திருக்க வேண்டியதில்லை. இணைப்பு இருந்தால் பொத்தான் உண்டு, இல்லையேல் இல்லை. அலுவலக நடைமுறை மாறினாலும் எல்லாருடைய கைப்பேசிகளிலும் உள்ள செயலியைப் புதுப்பிக்கத் தேவையிராது. ஆனால் இணைப்பை மறைப்பது பாதுகாப்பு ஆகாது. பழைய இணைப்பை வைத்திருப்பவர் அதை மீண்டும் அனுப்பிப் பார்க்கலாம் என்பதால், வழங்கி ஒவ்வொரு முறையும் உரிமையைச் சோதிக்கவே வேண்டும்.

நடைமுறையில்

2005 இல் தரப்படுத்தப்பட்ட ஆட்டம் செய்தியோடை வடிவம் உறவுப் பெயருடன் கூடிய இணைப்புகளைக் கொண்டது. 2010 இல் வெளியான ஆர்எஃப்சி 5988, மீயுரைப் பரிமாற்ற நெறிமுறையின் தலைப்பகுதியிலேயே இணைப்புகளை எழுதும் முறையை வரையறுத்தது. 2017 இல் ஆர்எஃப்சி 8288 அதன் இடத்தைப் பிடித்தது. "அடுத்தது", "முந்தையது" போன்ற பொது உறவுகளுக்கு ஒரு பட்டியல் பேணப்படுகிறது. அதில் இல்லாதவற்றுக்கு ஒரு முழு இணைய முகவரியையே உறவுப் பெயராக வைத்துக்கொள்ளலாம். ஜேசன் வடிவில் இணைப்புகளை எழுத ஹால், ஜேசன்:ஏபிஐ முதலிய மரபுகள் உள்ளன.

கிட்ஹப் தளத்தின் இடைமுகம் நீண்ட பட்டியல்களைப் பக்கம் பக்கமாகத் தரும்போது அடுத்த பக்கத்தின் முழு முகவரியையும் தலைப்பகுதியில் தருகிறது. மீடியாவிக்கி மென்பொருளின் இடைமுகம் பாதி வழி வருகிறது எனலாம். தருமபுரி மாவட்டம் பற்றிய பகுப்பிலுள்ள கட்டுரைகளைக் கேட்டால் இயல்பாக 10 மட்டுமே வரும். சாதாரணப் பயனர் ஒரே முறையில் 500 வரை கேட்டுப் பெறலாம். மீதமிருந்தால் ஒரு தொடர்ச்சிக் குறி தரப்படும். முழு இணைப்பு இல்லை. குறியை அப்படியே அடுத்த வேண்டுகோளில் சேர்த்து அனுப்ப வேண்டும். இதைக் கவனியாத மாணவர் முதல் பத்தையே முழுப் பட்டியல் என்று எண்ணிவிடக் கூடும்.

வரம்புகள்

இணைப்புகள் பதிலின் அளவைக் கூட்டுகின்றன. நுழைவு முகவரியிலிருந்து படிப்படியாகச் செல்வதால் வேண்டுகோள்களும் கூடும். இணைய வேகம் குறைந்த மலைக் கிராமத்தில் ஒவ்வொரு வேண்டுகோளும் காத்திருப்பே. பதில்களைத் தற்காலிகமாகச் சேமித்து வைத்து இதை ஓரளவு குறைக்கலாம். உறவுப் பெயர்களின் பொருளை முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதால் ஆவணத்தின் தேவை முற்றிலும் நீங்குவதில்லை. ஓப்பன்ஏபிஐ போன்ற இடைமுக விவரிப்பு முறைகளும் அவ்விவரிப்பிலிருந்து நிரலைத் தானாகவே உருவாக்கும் கருவிகளும் பரவியதும், 2015 இல் ஃபேஸ்புக் வெளியிட்ட கிராஃப்கியூஎல் வேறொரு வழியைக் காட்டியதும் இம்முறை பெருவழக்காகாமைக்குக் காரணங்களுள் சில.

இணைப்பைத் தந்தாலும் அதைப் பயன்படுத்தாமல், ஒருமுறை பார்த்த முகவரியின் வடிவத்தை நிரலில் எழுதிவைக்கும் பழக்கம் நிரலாளர்களிடையே பரவலாக உள்ளது. அத்தகைய நிரல்களுக்காகப் பழைய முகவரிகளைக் கைவிடாமல், 301 என்ற குறியுடன் புதிய முகவரிக்குத் திருப்பி அனுப்பும் வேலையை வழங்கிகள் செய்ய வேண்டியுள்ளது. 2001 ஆம் ஆண்டின் தருமபுரி போன்ற பதிவுக்கு இதுவும் உதவாது: அதற்கு உரிய புதிய முகவரிகள் இரண்டு, 301 ஒன்றைத்தான் காட்டும்.