கோலம் கலைந்த இடத்தில் ஒரு மரம்

தீபாவளிக்குக் கிள்ளான் பள்ளத்தாக்குப் பேரங்காடிகளின் நடுக்கூடத்தில் பெரிய வண்ணக் கோலம் போடுகிறார்கள். அது கலைந்த சில நாட்களிலேயே அங்கே கிறிஸ்துமஸ் மரம் எழும்பிவிடுகிறது. அதை இறக்கியதும் சீனப் புத்தாண்டு விளக்குகள்.

மூன்று மாடி உயர மரம் எப்படி நிற்கிறது? உள்ளே இருப்பது எஃகுச் சட்டம். அதைக் கீழிருந்து அடுக்கடுக்காகப் பொருத்தி, பி.வி.சி. இலைகள் கொண்ட கிளைகளை மாட்டுகிறார்கள். பளிங்குத் தரையில் துளையிட முடியாதென்றால், அடியில் பாரம் ஏற்றிச் சாயாமல் காக்க வேண்டும். நாம் படம் பிடிக்கும் பரிசுப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அந்தப் பாரம்தான். கடைகள் அடைத்த பிறகுதான் வேலையே தொடங்கும்; காலையில் கதவு திறப்பதற்குள் சாரத்தை அகற்றியாக வேண்டும்.

இத்தனை உழைப்பும் செலவும் தேவைதானா? இந்தக் கேள்வி 2016இல் கொழும்பில் பெரிதாக வெடித்தது. காலிமுகத் திடலில் துறைமுகத் தொழிலாளர்களும் தன்னார்வலர்களும் மாபெரும் செயற்கை மரத்தைக் கட்டினார்கள். இன, மத நல்லிணக்கமே நோக்கம் என்றார் அப்போதைய துறைமுக அமைச்சர் அர்ஜுன ரணதுங்க. கத்தோலிக்கப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித்தோ, இது வீண்செலவு, அந்தப் பணம் ஏழைகளுக்குப் போகட்டும் என்றார். வேலை சில நாட்கள் நின்று, மீண்டும் தொடர்ந்தது. 100 மீட்டர் உயரத்துக்குத் திட்டமிட்ட மரம் 72.1 மீட்டரில் நிறைவடைந்து கின்னஸ் சாதனையானது.

இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. எல்லா இனத்தவரும் கூடிப் படம் எடுத்துக்கொள்ளும் இடம் நம் நாட்டில் சாதாரணமானதல்ல. ஆனால், நெகிழி மரம் மட்காது. ஒரே பருவத்தோடு குப்பைக்குப் போனால் அது வீண்தான். அதே சட்டத்தையும் கிளைகளையும் பத்திரப்படுத்தி, அலங்காரத்தை மட்டும் மாற்றினால் செலவு பல ஆண்டுகளுக்குப் பரவும்.

வீட்டு மரத்துக்கும் இதே கணக்குத்தான். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடானாலும் கிள்ளான் தரைவீடானாலும், பழைய மரத்தையே தூசு தட்டி வையுங்கள். விளக்குச் சரத்தின் வயர் வெடித்திருந்தால் மட்டும் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். தூங்கப் போகுமுன் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

இவ்வாண்டு பேரங்காடிக்குப் போகும்போது பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்: "போன வருஷமும் இதே மரம்தானா?" ஆமாம் என்றால், நிர்வாகத்தைத் தாராளமாகப் பாராட்டலாம்.