நாய்க்குட்டி எவ்வளவு பெரிதாகும்?

குடாநாட்டுக் கிராமங்களில் நாயில்லாத வளவு அரிது. ஆட்டுக்கொட்டிலுக்கும் கோழிக்கூட்டுக்கும் அதுவே இராக்காவல். எனினும், குட்டியைக் கொண்டுவரும்போது அது எவ்வளவு பெரிதாகும் என எண்ணிப் பார்ப்போர் சிலரே. அழகுக்கென எடுத்த குட்டி ஓராண்டில் முப்பது கிலோவாகி, கிடுகு வேலியைப் பிய்த்துக்கொண்டு அயல் வளவுக் கோழியைப் பிடிக்கிறது. காவலுக்கென எடுத்த வேறொன்றோ பூனையளவில் நின்றுவிடுகிறது. ஈற்றில் இரண்டும் ஓர் இரவில் சந்தையடியில் விடப்படுகின்றன. தடுப்பூசி பெறாத தெருநாய்கள் பெருகுவதும் விசர்நாய்க்கடி அச்சம் நீங்காதிருப்பதும் இதனாலுமேயாம்.

பாதம் பெரிதாயின் நாயும் பெரிதாகும் என்பர். இது முற்றும் பொய்யன்று. ஆயினும் இதனை மட்டும் நம்பிக் குட்டியைத் தெரிதல் தகாது. தாயை நேரிற் பார்த்தல் இதனினும் நன்று. தந்தை எதுவென அறிவதுதான் கடினம். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கே வெவ்வேறு தந்தையர் இருத்தல் கூடும். அல்சேஷன் கலப்பு என்று சொல்லித் தரப்படும் குட்டிகள் யாவும் அவ்வாறானவையல்ல.

நம்பத்தக்கது தராசே. குட்டியைக் கடகத்தில் இருத்தி, வெங்காயம் நிறுக்கும் தராசில் தூக்கி நிறுத்து, கடகத்தின் நிறையைக் கழித்துக்கொள்ள வேண்டும். நடுத்தர அளவான நாய் ஏறத்தாழ நான்கு மாதத்தில் தன் முழுநிறையிற் பாதியை அடையும். ஆகவே, நான்கு மாதத்தில் ஆறு கிலோ நிற்கும் ஊர்க்குட்டி வளர்ந்தபின் பன்னிரண்டு கிலோ அளவில் இருக்கும் எனக் கொள்ளலாம். சிற்றினங்கள் பாதி நிறையை இதற்கு முன்னரே எட்டிவிடும். அல்சேஷன் போன்ற பேரினங்கள் பிந்தியே எட்டுவதால், அவற்றிற்கு இருமடங்கிற்குச் சற்று மேலாகவே கணித்தல் வேண்டும். கடுவன் பெட்டையினும் பெரிதாகும் என்பதையும் மறத்தலாகாது.

வயது தெரியாதவிடத்து இக்கணக்குப் பயன்படாது. அப்போது பல்லைப் பார்க்க வேண்டும். முன்வாயின் ஊசிபோன்ற பாற்பற்கள் மூன்று நான்கு மாதத்தில் விழத் தொடங்கும். நிலையான வேட்டைப்பற்கள் ஐந்து ஆறு மாதத்தில் முளைக்கும். ஏழு மாதமளவில் எல்லாப் பற்களும் மாறிவிடும். பற்கள் யாவும் மாறியும் உருவிற் சிறிதாயுள்ள நாயை, குட்டியென எண்ணி வாங்கி ஏமாறுவோர் உளர்.

வயிறு பருத்து, விலா எலும்பு தெரியும் குட்டியின் நிறையை அப்படியே கணக்கிற்கொள்ளல் பிழை. அது பெரும்பாலும் குடற்புழுவின் வேலை. மிருக வைத்தியரிடம் காட்டிப் புழுமருந்து கொடுத்து, உடல் தேறியபின் மீண்டும் நிறுக்க வேண்டும். வெறுஞ்சோறும் கஞ்சியும் குட்டிக்குப் போதா. மீன், முட்டை போன்ற புரத உணவும் வேண்டும். பெரிய இனக் குட்டியை விரைவிற் பெருக்கவென மிகையாக ஊட்டுவதும், வைத்தியர் சொல்லாது கல்சியம் கொடுப்பதும் எலும்பையும் மூட்டையும் கெடுக்கும். சிறிய நாய்கள் பத்து மாதமளவில் வளர்ச்சியை முடிக்க, பெரியவை ஒன்றரை ஆண்டுவரை வளர்வதால், இதில் அவசரம் வேண்டா.

மூன்று மாதத்தில் விசர்நோய்த் தடுப்பூசிக்குக் கொண்டுசெல்லும் நாளிலும் குட்டியை நிறுத்து, அந்நிறையை ஊசி அட்டையின் ஓரத்திற் குறித்துவைத்தால், நான்காம் மாத நிறையோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.